ஐம்பது வீத வருத்தக்காரி

1

வைத்தியர் தந்த துண்டில் நான் ஐம்பது வீதம் வருத்தக்காரி என்று எழுதியிருந்தது.

இதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நமக்குத் தெரிந்தவை இரண்டே நிலைமைகள். ஒன்று நல்ல சுகம், மற்றது கட்டில். கட்டிலில் கிடந்தால் வருத்தக்காரி, எழும்பி முற்றம் கூட்டினால் சுகமாகிவிட்டாள். நோர்வேக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏணியைச் சாத்தி, படிக்குப் படி வீதம் போட்டு வைத்திருக்கிறார்கள். இருபது வீதம் வருத்தம் என்றால் மிச்ச எண்பது வீதத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். ஐம்பது என்றால் பாதி நேர வேலை. மற்றப் பாதி நேரம் வீட்டில் இருந்து வருத்தமாக இருக்க வேண்டும்.

நடந்தது சின்ன விசயம். மாசி மாதம், இரவு பெய்த மழை விடிய முன் உறைந்து கிடந்தது. நான் இருக்கும் பேர்கன் நகரத்தில் வருடம் முழுக்க மழை. அது எனக்குப் பழகிவிட்டது. உறைந்த மழைதான் இருபத்தைந்து வருடமாகியும் பழகவில்லை. பேருந்து வருகிறதே என்று இரண்டு எட்டு ஓடினேன். வலது கால் உள்ளுக்கு மடங்கியது. பேருந்து போய்விட்டது, நான் அங்கேயே இருந்துவிட்டேன்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். என் மேலாளர் பாதி வருத்தத்துக்கு மிகுந்த மரியாதை கொடுப்பவர். ஒரு கதிரையையும் ஒரு கூடை கரட்டையும் கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகு நான் காலை ஒரு வாங்கில் நீட்டிக்கொண்டு கிழமைக்கணக்கில் கரட் சீவினேன்.

உடையார்கட்டில் இருக்கும் என் மச்சாள் வசந்திக்கு, அண்ணனின் மனைவிக்கு, இதைத் தொலைபேசியில் சொன்னேன்.

“அப்ப நீங்கள் வருத்தமோ, இல்லையோ?”

“பாதி வருத்தம்.”

“பாதியோ? மற்றப் பாதி என்ன செய்யுது?”

“கரட் சீவுது.”

பிறகு வசந்தி கேட்டாள்: “அப்ப சித்திரைக்கு வாற கிளி முழுசா வருமோ, பாதி வருமோ?”

அதுதான் விசயம். அந்தக் கிளிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2

கிளித்தட்டு உங்களுக்குத் தெரியும். என் மகள் நிலாவுக்குத் தெரியாது. அவளுக்குப் பதினாறு வயது, பள்ளிக்கூட அணியில் ஹேண்ட்போல் விளையாடுகிறாள். குசினி மேசையில் முள்ளுக்கரண்டிகளைக் குறுக்குக் கோடுகளாக அடுக்கி அவளுக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு கோட்டுக்கு ஓர் ஆள் காவல், அந்த ஆள் தன் கோட்டை விட்டு விலகக் கூடாது. நடுவால் நீட்டுக்கு ஒரு கோடு, அதற்கு அகப்பை. அதில் மேலும் கீழும் ஓடுகிற ஆள்தான் கிளி. எதிரணி ஒவ்வொரு பெட்டியாகப் புகுந்து கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். இடையில் காவலின் கை பட்டால் அந்த ஆள் போயிற்று.

“அப்போ எல்லாரிலும் கூட ஓடுறது கிளிதான்,” என்றாள் நிலா.

“ஓம். நான்தான் கிளி.”

அவள் என் வீங்கிய காலைப் பார்த்தாள், அகப்பையைப் பார்த்தாள். “அம்மா, நீங்கள் பஸ்சுக்கு ஓடியே விழுந்தனீங்கள்,” என்று நோர்வே மொழியில் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்லுவாள். எங்கள் வீட்டுச் சமாதான ஒப்பந்தம் அப்படி.

பள்ளிக்கூட நாட்களில் நான் நல்ல கிளி. வசந்தி எனக்குப் பின்னால் இரண்டாம் கோட்டில் நிற்பாள். அவள் பிறகு என் அண்ணனைக் கட்டியது வேறு கதை. நான் கலியாணம் கட்டி நோர்வே வந்தபின், ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு கதிரை கிடைக்கும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் பந்தலுக்குக் கீழே, துணி விரித்த கதிரை. ஒலிபெருக்கியில் “நோர்வே நாட்டிலிருந்து வருகை தந்திருக்கும்” என்று என் பெயரைச் சொல்லுவார்கள். கையில் சோடாவைத் தந்து, பரிசு கொடுக்கக் கூப்பிடுவார்கள். கூடப்படித்த வசந்தியே அந்த நேரத்தில் “நீங்கள் எழும்பாதேங்கோ, வெயில் சுடும்” என்பாள்.

போனமுறை அந்தக் கதிரையில் இருந்துகொண்டு கலியாணம் கட்டிய பெண்களின் கிளித்தட்டைப் பார்த்தேன். புழுதி பறக்க ஓடினார்கள், விழுந்தார்கள், ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சொல்லித் துடைத்தேன். அன்றைக்கு இரவுதான் வசந்தியிடம் சொன்னேன், அடுத்தமுறை எனக்குக் கதிரை வேண்டாம், கோடு வேண்டும் என்று. அவள் முதலில் சிரித்தாள். பிறகு, “அப்ப கிளி நீங்கள்தான். வாக்கு மாறக்கூடாது,” என்றாள்.

3

வைத்தியர் என்னை ஆன்னே என்ற இயன் மருத்துவரிடம், பிசியோவிடம், அனுப்பினார். அனுப்பினார் என்று லேசாக எழுதிவிட்டேன். அதற்கு முதல் ஒரு தொலைபேசி இலக்கம், அதில் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, ஒரு பியானோச் சங்கீதம், பிறகு வேறொரு இலக்கம். வீக்கத்தில் பாதி அந்தச் சங்கீதத்திலேயே வற்றிவிட்டது.

இயன் மருத்துவர் என்றால் காலைப் பிடித்து உருவி விடுவார் என்றுதான் நான் நினைத்துப் போனேன். வசதியாக இருக்கட்டும் என்று முதல்நாள் இரவே ஊரிலிருந்து வந்த நோவெண்ணெயைத் தாராளமாகப் பூசியிருந்தேன். ஆன்னே மூக்கைச் சுளிக்கவில்லை, யன்னலை மட்டும் திறந்தார். காலை அங்கே இங்கே அமத்திப் பார்த்துவிட்டு, “எழும்பி இந்தக் காலில் மட்டும் நில்லுங்கள்,” என்றார்.

நான் காலைக் காட்ட வந்தால் இந்த மனுசி என்னைக் கொக்கு ஆக்குகிறாவே என்று பட்டது. நின்றேன். மூச்சு எடுக்கிற நேரம்கூட நிற்க முடியவில்லை.

“உள்ளே தசைநார் இழுபட்டிருக்கிறது,” என்றார் ஆன்னே. “வீக்கம் போனதும் சுகம் என்று நினைப்பீர்கள். ஆனால் கால் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்று மூளைக்குச் சொல்லுகிற வேலையை அந்த இடம் மறந்துபோயிருக்கும். அதைத் திரும்பப் பழக்காவிட்டால் மறுபடி மடங்கும். படுத்துக்கொண்டு அதைப் பழக்க முடியாது.”

பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “இந்தக் காலால் நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?”

இப்படி ஒரு கேள்வியை எந்த வைத்தியரும் என்னிடம் கேட்டதில்லை. நோ மாறவேண்டும், அவ்வளவுதானே. ஆனால் ஆன்னே பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மலை ஏற வேண்டும், பனியில் சறுக்க வேண்டும் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்லுவார்களாம். நான் மேசையில் இருந்த பேனாக்களை அடுக்கிக் கிளித்தட்டை விளங்கப்படுத்தினேன். ஆன்னே முன்னால் குனிந்து கேட்டார். “சடாரென்று நின்று திரும்புகிற விளையாட்டு. கணுக்காலுக்குக் கடுமையானது. சித்திரைக்கு முடியும். ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. இடையில் இன்னொருமுறை மடங்கினால் நான் பொறுப்பில்லை.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பல் தீட்டுவது ஒற்றைக் காலில். நிலாதான் எனக்குப் பயிற்சியாளர். அவளுடைய அணி ஒவ்வொருமுறையும் பந்தைத் தொட முன் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் பயிற்சி செய்யும். “நோகாத காலுக்கு என்னத்துக்கு மருந்து?” என்று முந்தி நான் கேலி செய்திருக்கிறேன். “நோகாமல் இருக்கிறதுக்குத்தான்,” என்பாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வா என்றால் தலையிடி என்கிற பிள்ளை, காலையில் ஆறரைக்கு என் அறைக் கதவைத் தட்டினாள். அவள் நோர்வே மொழியில் எண்ண, நான் தமிழில் திட்டித் திட்டி ஒற்றைக் காலில் கெந்தினேன். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே அறையில் அவ்வளவு நேரம் இருந்தது அப்போதுதான்.

அவளுக்குப் போட்டிகள் இருந்தபடியால் ஊருக்கு நான் தனியே போனேன். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, “ஒவ்வொரு நாளும் கெந்துங்கோ அம்மா,” என்றாள். தமிழில் சொன்னாள்.

4

உடையார்கட்டில் உடம்பைப் பேணுவது அவ்வளவு லேசில்லை. ஆட்கள் விடமாட்டார்கள்.

விடியக்காலையில் றோட்டில் நடக்கப் போனேன். முதல் மோட்டார் சைக்கிள் நின்றது. “அக்கா, எங்கை போறியள்? ஏறுங்கோ.” ஓரிடமும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். அந்த மனிதனின் முகத்தில் கவலை தெரிந்தது. வீட்டில் ஏதும் சண்டையோ என்று மெதுவாகக் கேட்டார். இரண்டாவது மோட்டார் சைக்கிளும் நின்றது. பிறகு ஒரு உழவு இயந்திரம். மறுப்பது மரியாதையில்லை என்று கடைசியில் அதில் ஏறி, உடற்பயிற்சி முடித்து வீட்டு வாசலில் இறங்கினேன்.

அதை விட்டுவிட்டுப் பின்வளவில், கிணற்றடிப் பக்கத்தில் பயிற்சியைத் தொடங்கினேன். அங்கேதான் வருத்தம் பார்க்க வருகிறவர்கள் என்னைப் பிடித்தார்கள்.

மாசியில் பேர்கனில் விழுந்த விழுகைக்குச் சித்திரையில் உடையார்கட்டில் ஆட்கள் வருத்தம் பார்க்க வந்தார்கள். அது கடமை. செய்தி தெரிந்தும் போய்ப் பார்க்காவிட்டால் பிறகு முகத்தில் விழிக்க முடியாது. முதல்நாள் வந்த குடும்பம் ஹோர்லிக்ஸ் போத்தலும் முந்திரிகைப் பழமும் கொண்டு வந்தது. நான் கிணற்றடியில் ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், போத்தலைப் பார்த்தார்கள். கொடுப்பதா கொண்டுபோவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மனமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வசந்திக்கு வெட்கமாகிவிட்டது. அவள்தான் என் காலைப் பற்றி ஊரெல்லாம் உருக்கமாகச் சொல்லி வைத்தவள்.

“ஆக்கள் வரேக்கை ஒருக்கால் கட்டிலிலை சரிஞ்சு கிடவுங்கோ. போனாப்பிறகு எவ்வளவெண்டாலும் துள்ளுங்கோ.”

“படுக்கக் கூடாதெண்டு பிசியோ சொன்னவா.”

“அவாவுக்கென்ன தெரியும்? அவா இந்த ஊரிலையே இருக்கிறா? ஹோர்லிக்ஸோடை வாறவைக்கு முன்னாலை நீங்கள் துள்ளினால், நானல்லோ பொய்க்காரி?”

நியாயம்தான். அதனால் ஓர் ஒழுங்கு செய்தோம். படலை திறக்கும் சத்தம் கேட்டால் வசந்தி குசினிக்குள் இருந்து இருமுவாள். நான் கிணற்றடியிலிருந்து உள்ளே வந்து கட்டிலில் கிடப்பேன். இரண்டு நாள் இது வடிவாக ஓடியது. ஒருவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வேர்த்திருக்கிறது, காய்ச்சலும் இருக்கும்போல என்றார். இப்போதுதான் கெந்தி முடித்தேன் என்று எப்படிச் சொல்லுவது?

மூன்றாம் நாள் வசந்தியின் இருமல் பிந்திவிட்டது. ஆட்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். நான் ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், கிளி ஓடுவதுபோல. குசினி அப்போதுதான் கழுவின ஈரம். வாசற்படியில் கால் வழுக்கி, அதே வலது கால், அதே பக்கம் மடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் போய் விழுந்தேன்.

“ஐயோ பாவம், முகத்தைப் பார், என்ன நோவு நோகுதோ,” என்றார்கள் வந்தவர்கள். அன்றைக்குத்தான் அவர்கள் எல்லாரும் திருப்தியாகப் போனார்கள்.

5

இதை ஆன்னேக்குப் பிறகு சொன்னபோது அவர் ஓரிடத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்: “அவ்வளவு பேரும் உங்கள் காலைப் பார்க்கவா வந்தார்கள்?”

ஓம் என்றேன்.

மாசியில் பேர்கனில் எனக்கு எத்தனையோ பேர் கைத்தொலைபேசியில் சிவப்பு இதயம் அனுப்பினார்கள். கதவை ஒருவரும் தட்டவில்லை. தட்டினால் எனக்கே சங்கடமாகத்தான் இருந்திருக்கும், வீடு அலங்கோலமாகக் கிடந்தது. ஆனாலும் அந்தக் கிழமைகளில் மாடிப்படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டேன். இதை ஆன்னேயிடம் சொல்ல எனக்கு நோர்வே மொழி காணாமல் இருந்தது. முந்திரிகைப் பழம் நல்ல இனிப்பு என்று மட்டும் சொன்னேன்.

6

அண்ணன் ஓட்டோ பிடித்து என்னையும் வசந்தியையும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நம்பர் எடுத்து, ஒரு வாங்கில் இருந்து இன்னொரு வாங்குக்கு நகர்ந்து, படம் பிடித்து, எலும்பு உடையவில்லை என்று தெரிந்து, இயன் மருத்துவப் பகுதிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அங்கே பொய்க்காலோடு திரும்பிப் பழகிக்கொண்டிருந்த ஒருவர், தோள்மூட்டு விலகிய கரப்பந்தாட்டக்காரி ஒருத்தி, நாற்று நட்டு இடுப்புப் பிடித்த ஒரு மனிதர், எல்லாரும் ஒரே அறையில், ஒரே வியர்வையில். ஒருவரும் படுத்திருக்கவில்லை.

என் காலைப் பார்த்தவர் ஓர் இளம் பெண். “எப்பிடி நடந்தது அக்கா? விளையாட்டிலையோ?”

நான் உண்மையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய நேரம் எடுத்தது.

“ஓடி விளையாடிச் சுளுக்கின ஆக்களைப் பாத்திருக்கிறன். படுக்க ஓடிச் சுளுக்கின ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

“விளையாட்டு விழாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு பிள்ளை.”

சிரிப்பு நின்றது. காலை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். எங்கே நோகிறது, எங்கே இழுக்கிறது என்று கேட்டாள். “முதல் வந்த சுளுக்குக்கு நல்லாப் பயிற்சி செய்திருக்கிறியள். அதாலை தப்பினியள், இல்லாட்டி அறுந்திருக்கும். ரெண்டு மூண்டு நாளைக்குக் கட்டிக்கொண்டு காலை உயத்தி வையுங்கோ. இப்ப எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். பிறகு நடக்கவேணும், பயிற்சி செய்யவேணும். விளையாட்டுக்கு முதல்நாள் வந்து இந்தக் காலாலை எனக்குக் கெந்திக் காட்டுங்கோ. நோகாமல் கெந்தினால் நானே பட்டி ஒட்டி விடுறன்.”

“நொந்தால்?”

“நொந்தால் கதிரைதான் அக்கா.”

7

அந்தச் சொல் வசந்தியைக் குத்தியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் என் கட்டிலைத் தூக்கி விறாந்தையில் போட்டாள். இனி ஆர் வந்தாலும் வரட்டும், ஒளிப்பு மறைப்பு இல்லை என்றாள்.

வந்தார்கள். வீக்கம் குறைந்து நான் மறுபடி பயிற்சி தொடங்கிய அன்று ஒரு மாமி, முழங்கால் பிடிப்புக்காரி, நான் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “அதென்ன மோனை, எனக்கும் சொல்லித்தா,” என்றார். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரோடு வந்த இருவரும் நின்றார்கள். அடுத்தநாள் வந்தவர்களுக்கு மாமியே சொல்லிக்கொடுத்தார். வருத்தம் பார்க்க வந்தவர்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் பின்வளவில் வரிசையாக ஒற்றைக் காலில் நின்றார்கள். அண்ணன் கிணற்றடிக்குக் குளிக்க வந்து, அப்படியே திரும்பிப் போனார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி மலர். எங்களோடு படித்தவள். நாங்கள் றோட்டடி அணி, மலர் குளத்தடி அணியின் தலைவி. கையில் ஹோர்லிக்ஸ், கண் முழுக்க என் காலில்.

“வேவு பாக்க வந்திருக்கிறாள்,” என்று வசந்தி என் காதுக்குள் சொன்னாள்.

மலரும் ஒற்றைக் காலில் நின்றாள். இடது காலில். எல்லாரும் ஆடி ஆடிக் காலை ஊன்றியபின்னும் நின்றாள். இடது கெண்டைக்காலில் ஒரு தழும்பு, அதற்குள்ளே ஒரு சின்ன இரும்புத்துண்டு இன்னும் இருக்கிறது. சண்டைக்காலத்தில் ஏறியது. மழைக்குளிருக்குக் கடுக்கும் என்றாள். அதோடு நடக்கவும் பிறகு ஓடவும் பழகியது அதே ஆஸ்பத்திரியில், அதே அறையில். நாள் தவறாமல் சைக்கிளில் போய்வந்தாளாம்.

“உனக்கு ஆரும் ஹோர்லிக்ஸ் கொண்டு வந்தவையே?” என்று கேட்டேன்.

“அப்ப ஆரிட்டை ஹோர்லிக்ஸ் இருந்தது?” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவள்மேல் இரக்கமாகவும் இருந்தது. அந்த இரக்கம்தான் பிறகு எங்களைக் கெடுத்தது.

8

விளையாட்டுக்கு முதல்நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெந்திக் காட்டினேன். அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நோவை ஒளிக்கிறேனா என்று. ஒளிக்கவில்லை, நோகவில்லை. கணுக்காலைச் சுற்றிப் பட்டியை ஒட்டி விட்டு, “வெண்டு வாங்கோ,” என்றாள்.

விழா அன்று ஒலிபெருக்கியில் நோர்வே நாட்டிலிருந்து வருகை தந்திருப்பவரைப் பந்தலுக்கு வரும்படி இரண்டுமுறை அழைத்தார்கள். நோர்வே நாட்டவர் வெறுங்காலோடு நடுக்கோட்டில் நின்றார். அறிவிப்பாளர் கண்டுவிட்டு, கதிரையைப் பாடசாலை அதிபருக்குக் கொடுத்துவிட்டார்.

முதலில் நாங்கள் இறங்கினோம், அவர்கள் காவல் நின்றார்கள். எங்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். பிறகு நாங்கள் காவல். சூடான மண்ணில் என் கால் கோட்டைத் தேடித் தேடிச் சரியாக மிதித்தது. மேலே, கீழே, சடாரென்று நின்று திரும்பு. பட்டி இழுத்துப் பிடித்தது, கால் மடங்கவில்லை. மூச்சு வாங்கியது, வாயெல்லாம் புழுதி. அவ்வளவு சந்தோசமாக நான் எப்போது இருந்தேன் என்று ஞாபகமில்லை. ஒவ்வொருத்தியாக அடித்து வெளியேற்றினோம். அவர்களில் இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள், உள்ளே மிச்சம் மலர் மட்டும். அவள் கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தாள். வசந்தியின் கோட்டில் அவளை ஏமாற்றிக் குனிந்து புகுந்து, நேராக என் கைக்குள் வந்தாள்.

கையை ஓங்கினேன். அவளுடைய இடது கால் இலேசாக இழுபடுவதைக் கண்டேன். வேகமாக அடித்தால் விழுந்துவிடுவாளே என்று ஒரு நினைப்பு. கை ஒரு கணம் நின்றது. மலர் நிற்கவில்லை. என் கைக்குக் கீழால் போய், தொடங்கின கோட்டைத் தாண்டி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினாள்.

வென்ற குளத்தடியார் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். மலர் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“என்னிலை பாவம் பாத்தனியோ?”

“இல்லையடி…”

“பொய் சொல்லாதை. ஓங்கின கையை இறக்கினனீ. உன்ரை காலிலை பட்டி கிடந்தது, அதைப் பாத்து நான் மெல்ல ஓடினனானோ?”

கதிரை வேண்டாம் என்று இவ்வளவு பாடுபட்ட நான், ஓடி வந்த மலருக்கு ஒரு கதிரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. “இனிப் பாக்கமாட்டன்,” என்றேன். “பாக்கக்கூடாது,” என்று என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். நல்ல நோ.

9

அன்று பின்னேரமும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கையிலும் ஒன்றுமில்லை. என் கால் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கைக்குள் வந்தவளை விட்டது ஏன் என்று கேட்டார்கள். கண் தெரியவில்லையா என்றார்கள். முழங்கால் மாமி முற்றத்தில் நின்று, நான் எங்கே நின்றேன், மலர் எங்கே வந்தாள், கையை எப்படி நீட்டியிருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் செய்து காட்டினார். அண்ணன்கூட ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனார்.

வசந்தி குசினியில் இருந்தாள். மைதானத்திலிருந்து வரும் வழி முழுக்க என்னோடு கதைக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பாதித் தேங்காயையும் திருவலையையும் என் பக்கம் தள்ளினாள்.

“சும்மா நிக்காமல் திருவு.”

இருந்து திருவினேன்.

“வாற வருசமும் வருவியோ?”

“வருவன்.”

“வந்தால் கிளி நீயில்லை. சொல்லிப்போட்டன். மூண்டாம் கோட்டிலை நில்லு. அதிலை நிண்டால் உனக்குப் பாவம் பாக்க நேரமிராது.”

“சரி.”

“சரியெண்டு சொன்னால் போதாது. அங்கை போய் அந்தக் காலைப் பழக்கவும் வேணும்.”

“ஓம்.”

விருந்தாளியாக வந்தவளை யாராவது மூன்றாம் கோட்டுக்கு இறக்குவார்களா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து தேங்காய்க்குள் ஒளித்துப் பார்த்தேன், முடியவில்லை.

“என்னடி சிரிப்பு?” என்றாள் வசந்தி, கோபம் கொஞ்சமும் குறையாமல்.